'நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?'
ராதாரிச் சீட்டிலிருந்து சரிபார்ப்புப் படிவம் வரை

1

நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம், ஏன் வேண்டாம் என்பது கட்டுரையின் போக்கில் தெரியும்.

2009-இன் தொடக்கம். ஈழத்தில் போர் நிறுத்தம் கேட்டுத் தமிழகமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்த நாட்கள். அவனும் கல்லூரிக்கு எதிரே சாலை மறியலில் உட்கார்ந்தான். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தது. பெரும்பாலோரை விட்டார்கள், சிலர்மீது மட்டும் வழக்குப் பதிந்தார்கள். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341. மூன்று வருஷம் வாய்தாவுக்கு அலைந்தான். கடைசியில் வக்கீல் சொன்னார்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்கப்பா. இத்தோட முடிஞ்சுடும்." மாஜிஸ்திரேட் கேட்டார், ஒத்துக்கொண்டான். ஐநூறு ரூபாய். ரசீது கொடுத்தார்கள்.

முடியவில்லை. மறுவருடம் பொதுத்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தபோது ஒரு படிவம் வந்தது. கைது, வழக்கு, அபராதம் என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினான். விசாரணைக்கு வந்த ஏட்டு சொந்த ஊர் ஸ்டேஷன்காரர். வழக்கோ கல்லூரி இருந்த ஊரில். ஒன்றும் தெரியவரவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக அந்த நாற்காலியில் இருக்கிறான். இப்போது பதவி உயர்வு. மறுபடியும் படிவம். இதற்கிடையே காவல் நிலையங்கள் எல்லாம் கணினியில் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டுவிட்டன.

"என்ன செய்யலாம், சொல்லு. இப்ப சொன்னா அன்னிக்கு ஏன் சொல்லலேன்னு கேப்பான். சொல்லலேன்னா இன்னொரு பொய். நான் அந்த மறியலுக்கு வெக்கப்படலடா. அதைப் போய் ஒளிச்சு வெச்சேனேன்னுதான் வெக்கமா இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. 'சொல்லலாமா வேண்டாமா' என்பதைத் தனிமனித நேர்மை பற்றிய கேள்வியாகவே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். நண்பர்களும் மனைவியும் வக்கீலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. யார் கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள், எதற்காக எழுதி வாங்கத் தொடங்கினார்கள் என்பதைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்த மண்ணில் குற்றப் பதிவு என்பது குற்றத்திலிருந்து தொடங்கவில்லை, பிறப்பிலிருந்து தொடங்கியது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு மனிதன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. சாதிக்குச் சாதி குலத்தொழில் இருப்பதுபோலச் சில கூட்டங்களுக்குக் குற்றமே குலத்தொழில் என்ற வாதத்தின்மீது அது நின்றது. 1911-இல் அந்தச் சட்டம் விரிவாக்கப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் உட்படப் பல சமூகங்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. பதிவானவர் கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போவதானால் கையில் 'ராதாரிச் சீட்டு' இருக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு. அந்த மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றுதான் அதைச் சொன்னார்கள். சட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரைவிட அதன் செயலைத் துல்லியமாகச் சொல்கிற பெயர் அது.

கைரேகையின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. 1858-இல் வங்காளத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி, சாலை போடச் சாமான் சப்ளை செய்யவிருந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்தார். பின்னாளில் பேச்சு மாறக்கூடாது என்பதற்காக. அந்தக் கை எந்தக் குற்றவாளியுடையதும் அல்ல. வேலை எடுத்துச் செய்ய வந்தவனின் கை. அங்கிருந்து 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் திறக்கப்படும்வரை நாற்பது வருடங்கூட ஆகவில்லை. வேலைக்காரனின் நம்பகத்தன்மையும் குற்றவாளியின் அடையாளமும் ஒரே மைத்தட்டில் தொட்டு எடுக்கப்பட்டவை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மொழியிலும் இதன் தடம் கிடக்கிறது. 'கேடி' என்று நாம் சாதாரணமாகத் திட்டுகிறோம். கேடு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததாகவே காதில் விழும். ஆனால் அது போலீஸ் பதிவேட்டில், 'தெரிந்த கொள்ளைக்காரன்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். எழுதி வைக்கப்பட்ட பேரேட்டிலிருந்து இறங்கிவந்து தெருச் சண்டையில் புழங்கும் வசையாகிவிட்டது. 'ஆள் கேடி' என்கிறபோது அவன் செய்ததைப் பற்றி நாம் பேசுவதில்லை, அவன் என்னவாக இருக்கிறான் என்று பேசுகிறோம். செயல் கழன்றுபோய் ஆள் மட்டும் மிஞ்சுகிறான்.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுக்க 1952-இலும் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட கையோடு 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன என்பது பலரும் எழுதியிருக்கிற விஷயம். நான் இங்கே சொல்ல வருவது வேறு. ராதாரிச் சீட்டின் காலத்தில் அதிகாரம் யாரையும் 'நீ குற்றவாளியா?' என்று கேட்கவில்லை. அதுவே அறிவித்தது, அதுவே எழுதிக்கொண்டது. அந்த மனிதர் வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லை, விரலை நீட்டினால் போதும். சுதந்திர இந்தியாவின் அலுவலகம் வேறுவிதமாக நடந்துகொண்டது. அது விரலைக் கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்து, 'நீயே எழுது' என்றது.

3

1949-இல் ரயில்வேயில் தேசியப் பாதுகாப்பின் பெயரால் தனி விதிகள் போடப்பட்டன. கம்யூனிஸ்டுகள், வேலைநிறுத்தத்துக்குத் தூண்டியவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட தொழிலாளர்கள் அவற்றின்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1946 செப்டம்பரில் பொன்மலையில் ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைவில் வைத்திருக்கிற நமக்கு, ரயில்வே எதைக் கண்டு பயந்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1957-இல் உச்சநீதிமன்றம் அந்த விதிகளைச் செல்லும் என்றது.

1955 பிப்ரவரியில் மத்திய உள்துறையின் ஒரு சுற்றறிக்கை. அரசு ஊழியர் எந்தக் காரணத்துக்காகக் கைதானாலும், உடனே ஜாமீனில் வந்துவிட்டாலும், மேலதிகாரிக்குத் தாமே தெரிவிக்க வேண்டியது கடமை. தெரிவிக்காவிட்டால் அதற்காகவே நடவடிக்கை எடுக்கலாம். இந்தச் சுற்றறிக்கையில்தான் நம் கேள்வி இன்றைய வடிவத்தைப் பெறுகிறது. கைது ஒரு விஷயம், கைதைச் சொல்லாதது இன்னொரு விஷயம். இரண்டாவது, முதலாவதைச் சாராமல் தனியே ஒரு குற்றமாகிவிட்டது. வழக்கு பொய்யாகிப் போகலாம், தள்ளுபடியாகலாம். மௌனம் மட்டும் தள்ளுபடி ஆகாது.

அப்புறம் அந்த 'அட்டெஸ்டேஷன் பாரம்'. மத்திய அரசு வேலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்துக் கட்டுப்படுத்தப்பட்டதுண்டா? நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா? தண்டனை உண்டா? தேர்வு எழுதத் தடை, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கம் உண்டா? தலைப்பிலேயே எச்சரிக்கை: பொய்யோ மறைப்போ இருந்தால் தகுதி போய்விடும்.

'எப்போதாவது' என்கிற சொல்லைக் கவனியுங்கள். அதற்கு எல்லையே இல்லை. பதினெட்டு வயதில் நடந்ததும் நாற்பதில் நடந்ததும் அதற்கு ஒன்றுதான். கொலையும் கோஷமும் ஒரே கட்டத்தில். இலக்கணத்தில் முற்று, எச்சம் என்று படித்திருக்கிறோம். இந்தப் படிவத்துக்கு முற்று என்பதே தெரியாது. நண்பனின் 'முடிஞ்சுடும்' இங்கே வந்து எச்சமாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. படிவத்தை நிரப்பிக் கொடுத்தபின் அது போலீசுக்குத்தான் போகிறது. அவர்கள் ஸ்டேஷன் பேரேட்டைப் பார்த்து அறிக்கை தருகிறார்கள். அதாவது, தகவல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. விடை கையில் இருக்கும்போதே கேட்டுப் பார்க்கிறார்கள். ஃபூக்கோ 1976-இல் பாலியலின் வரலாறு பற்றி எழுதும்போது, மேற்கத்திய மனிதன் ஒப்புக்கொள்ளும் பிராணியாகிவிட்டான் என்ற பொருளில் பேசுகிறார். பாவமன்னிப்புக் கூண்டு வழியாக உண்மை அதிகாரத்தின் கைக்குப் போன கதை அது. நம்முடைய கதை அதுவேதான் என்று சொல்லிவிட மாட்டேன். பாதிரியிடம் ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்ற வாக்காவது இருந்தது. இந்தப் படிவத்தில் ஒப்புக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

4

என்ன கிடைக்கும் என்பதை நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஒரே குரலில் அல்ல. சில வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வழக்காடியவர்களின் பெயரை எழுதவில்லை. தீர்ப்புகள் அவர்கள் பெயராலேயே அறியப்படுகின்றன. வேலைக்காக நீதிமன்றம் போன ஒருவருடைய இளவயது அடிதடி, சட்டக் கல்லூரி வகுப்பறைகளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு காலாகாலத்துக்கும் படிக்கப்படுகிறது. அந்தப் பேரேட்டில் நானும் ஒரு வரி சேர்க்க வேண்டாம்.

1983. மத்தியப் பிரதேசத்து ஆசிரியர் ஒருவர். ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த நீக்கத்தை ஏற்கவில்லை. அரசு வேலை என்ன, தேவதைகள் மட்டும் நுழையக்கூடிய சொர்க்கமா என்று கேட்டார். அந்த ஆசிரியரின் அரசியல் நம் அரசியல் அல்ல. அதனாலேயே இந்தத் தீர்ப்பு முக்கியம். எதிராளிக்குக் கிடைக்காத உரிமை நமக்கும் நிலைக்காது.

1996-இல் காற்று மாறுகிறது. டெல்லியில் கான்ஸ்டபிள் வேலைக்குத் தேர்வான ஒருவர், வழக்கிலிருந்து விடுதலையானவர். விடுதலையானது பெரிதல்ல, அவருடைய முன்நடத்தைதான் பார்க்கப்பட வேண்டியது என்றது உச்சநீதிமன்றம். 'முன்நடத்தை' என்ற சொல் இங்கே ஆளப்படும் விதத்தைப் பாருங்கள். வழக்கு பொய்த்துப் போனாலும் அதன் நிழல் நிற்கிறது.

2003-இல் வந்த வழக்கு தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் உடற்கல்வி ஆசிரியர். வழக்கு உண்டா என்ற கட்டங்களில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். இருந்தது. சிறு பிரிவுகள்: அடித்தது, வழிமறித்தது, ஆபாசமாகப் பேசியது, மிரட்டியது. பிறகு அரசே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. தான் இந்தி வழியில் படித்தவன், ஆங்கிலப் படிவத்தில் அந்தக் கேள்வி சரியாகப் புரியவில்லை என்றார். இவ்வளவு பட்டம் வாங்கியவருக்குப் புரியவில்லை என்பதை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. புரிந்தே அவர் மறைத்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதன் தன்மேல் தானே சாட்சி சொல்ல வேண்டிய தாள், அவன் மொழியில் இருந்தாக வேண்டும் என்று அந்த அறையில் யாருக்கும் படவில்லை. வழக்கின் தன்மையோ அது வாபஸ் ஆனதோ பொருட்டல்ல, மறைத்ததே குணத்தைக் காட்டுகிறது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 1955 சுற்றறிக்கையின் தர்க்கம் ஒரு வட்டம் சுற்றி உச்சநீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2003-இல் போலீஸ் பணி விதிகளில் ஒரு 'விளக்கம்' சேர்க்கப்பட்டது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிக்கப்பட்டவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும்கூட 'குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்' என்றே கருதப்படுவார். 2008-இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு அதைச் செல்லும் என்றது. சந்தேகத்தின் பலன் நீதிமன்ற வாசல்வரைதான். வெளியே வந்ததும் பலனைப் பிடுங்கிக்கொண்டு சந்தேகத்தை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

2011-இல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜுவின் தீர்ப்பு ஒரு மூச்சு விட இடம் தந்தது. டெல்லி போலீஸ் அலுவலக வேலைக்கு விண்ணப்பித்தவர், இளவயதுச் சண்டை வழக்கு ஒன்றை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டிருந்தார். இளமையில் எல்லோரும் தவறுவார்கள், வாழ்நாள் முழுக்கச் சூடு போட வேண்டுமா என்றார் கட்ஜு. அதற்கு இரண்டு சாட்சிகளைக் கூப்பிட்டார். ஒருவர் ழான் வால்ழான். 'ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதி தமிழாக்கி, 1950-இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்த விக்தோர் யூகோவின் நாயகன். இன்னொன்று, 1970-இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குள் புகுந்து பாட்டுப் பாடி ரகளை செய்த வேல்ஸ் மாணவர்களின் வழக்கு. தங்கள் தாய்மொழிக்காக அதைச் செய்தவர்கள். மூன்று மாதச் சிறை என்று தண்டிக்கப்பட்டவர்களை டென்னிங் பிரபு மேல்முறையீட்டில் வெளியே விட்டார். மொழிக்காகத் தெருவுக்கு வந்த மாணவர்களை நமக்கு 1965-இலிருந்து தெரியும். டெல்லியில் ஒரு குமாஸ்தா வேலைக்காகக் கூப்பிடப்பட்ட சாட்சி நம் ஊர்க்காரன் போலிருக்கிறான்.

யூகோவின் நாவலில் கட்ஜு சொல்லாமல் விட்ட ஒரு பக்கம் இருக்கிறது. வால்ழான் மஞ்சள் பாஸ்போர்ட்டை மறைத்து, வேறு பெயரில் முதலாளி ஆகிறான், மேயர் ஆகிறான். அவனுடைய ஆலையில் வேலை செய்யும் ஃபாந்தீன், தனக்குக் குழந்தை இருப்பதை மறைத்தாள் என்பதற்காக நீக்கப்படுகிறாள். அவனுக்குத் தெரியாமல், அவன் பெயரால், அவன் போட்டிருந்த ஒழுக்க விதியால். தன் கடந்தகாலத்தை மறைத்தவனின் ஆலையே கடந்தகாலத்தை மறைத்தவளை வெளியே தள்ளுகிறது. விதி ஆளைப் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆளைப் பார்க்காத விதி யாருடைய வயிற்றில் அடிக்கும் என்பதை யூகோ 1862-இலேயே எழுதிவிட்டார்.

இந்த முரண்பட்ட தீர்ப்புகளை எல்லாம் 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு தொகுத்தது. இன்றைக்கு அடிப்படை அதுதான். சாரத்தைச் சொல்கிறேன். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்காயிருந்தால் (உதாரணம் நீதிமன்றத்தினுடையது) மறைத்ததை நிர்வாகம் தன் விருப்பப்படி மன்னித்துவிடலாம். பணி உறுதியானவரை நீக்குவதற்கு முன் துறை விசாரணை வேண்டும். படிவத்தின் கேள்வி மழுப்பலாக இருக்கக் கூடாது. குறிப்பாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று யார்மேலும் மறைத்த குற்றம் சுமத்த முடியாது. இவ்வளவும் நல்லது. கூடவே இன்னொன்று: உண்மையைச் சொல்லியே விட்டாலும், வேலை கொடுத்தாக வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆக, மறைத்தவன் மறைத்ததற்காகப் போகலாம். சொன்னவன் சொன்னதற்காகப் போகலாம். நடுவில் இருப்பது 'விருப்பப்படி' என்ற சொல். 2021-இல் ஒரு தீர்ப்பு, வழக்கு அற்பமா இல்லையா என்பதல்ல, நம்பிக்கைதான் கேள்வி என்றது. 2022 மே மாதம் இன்னொன்று, மறைத்ததற்காக மட்டுமே கண்மூடித்தனமாக நீக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வேறொன்று, சீருடைப் பணியில் கறாராகத்தான் இருக்க வேண்டும் என்றது. சட்டம் அப்படிச் சொல்கிறது என்று உறுதியாக ஒரு தொழிலாளியிடம் சொல்ல முடியாத நிலையைத்தான் 'விருப்பப்படி' என்கிறார்கள்.

5

இதற்கு எதிராக ஒரு நியாயமான குரல் எழும். 'அப்படியானால் எல்லாவற்றையும் மறந்துவிடுவதா? குழந்தைகள் படிக்கும் பள்ளியில் வேலைக்கு வருகிறவன் யார் என்று தெரிய வேண்டாமா? சேரிக்குத் தீ வைத்தவனும் "அது எப்பவோ முடிஞ்ச கேஸ்" என்று சொல்லிக்கொண்டு தாசில்தார் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டால்?' இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. மறதி எல்லோருக்கும் சமமாக நல்லது செய்வதில்லை. அதிகாரம் உள்ளவன் ஏற்கெனவே போதுமான மறதியை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறான்.

நம் சிக்கலே அங்குதான். குற்றப் பதிவேடு குற்றங்களின் பட்டியல் அல்ல. யாருக்கு ஸ்டேஷனில் ஒரு போன் போட ஆள் இல்லையோ அவர்களின் பட்டியல். ஒரே சண்டையில் ஒருவன் வீட்டார் வந்து 'கம்ப்ரமைஸ்' பேசிக் கூட்டிப்போகிறார்கள், இன்னொருவன்மேல் வழக்கு விழுகிறது. மாதக் கணக்குக் காட்ட 'பெட்டி கேஸ்' தேவைப்படும்போது பிளாட்பாரத்தில் தூங்குகிறவனும் கடைசி ஷோ விட்டு வருகிற பையனும்தான் கிடைக்கிறார்கள். அவர்களுக்கு வக்கீல் கிடையாது. காலையில் கோர்ட், ஒத்துக்கொண்டு ஃபைன், மதியம் வேலைக்கு. அந்த ஒப்புதல் சட்டப்படி தண்டனைத் தீர்ப்பு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 'நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா' என்ற கட்டம் அவர்களுக்காகவே காத்திருக்கிறது. சேரிக்குத் தீ வைத்தவன்மேல் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

மறப்பதற்குச் சட்டத்தில் வழியே இல்லை என்பதும் சரியல்ல. பிரிட்டனில் 1974-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சிறு தண்டனைகள் குறிப்பிட்ட காலத்துக்குப்பின் 'தீர்ந்துபோனவை'. அபராதத்துக்கு முதலில் ஐந்து வருடம் என்று வைத்தார்கள், 2014 முதல் ஒரு வருடம். அதற்குப்பின் வேலைக்குக் கேட்கும்போது 'இல்லை' என்று சொல்வது பொய் ஆகாது, சட்டம் தந்த உரிமை. குழந்தைகளோடு பழகும் வேலைகளுக்கும் வேறு சில பணிகளுக்கும் விலக்கு உண்டு. ஆக, மேலே கேட்ட கேள்விக்கு வேலையின் தன்மையைப் பார்த்து எல்லை வகுக்க முடியும் என்பதே பதில். நம்மைச் சுரண்டியவர்கள்... என்று ஆரம்பிக்க வேண்டாம். நமக்குக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தந்தவர்கள் தங்கள் ஊருக்கு இதை வைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் போதும்.

இங்கேயும் துண்டு துண்டாக இருக்கிறது. 1958-இன் நன்னடத்தைச் சட்டத்தில், அதன்கீழ் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தண்டனைக்குக் காரணமான நடத்தை மறைந்துவிடாது என்று சொல்லி, அலுவலகம் நடவடிக்கை எடுக்கலாம் என நீதிமன்றங்கள் அதைச் சுருக்கிவிட்டன. சிறார் நீதிச் சட்டம் சிறுவர்களின் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. பதினெட்டு முடிந்த மறுநாள் எதுவும் அழியாது. மாறாக, 2022-இல் வந்த குற்ற நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைரேகை, கருவிழி அளவுகளை எல்லாம் 75 வருடம் வைத்திருப்பார்கள். விடுதலையானவர் தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்டபோது சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் மறுத்தது, 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அனுமதித்தது. அதே ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நினைவு வைத்திருக்க எந்திரம் வாங்கியாயிற்று. மறப்பதற்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அரசுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. 2021 மே மாதம், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்ட வழக்குகளை வாபஸ் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது, கைதானவர்களின் படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று தரப்படும் என்றும் சேர்த்துச் சொன்னது. வழக்கை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, கைது தொடர்ந்து வேலை செய்யும் என்று அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. 2018-இல் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊருக்குக் கிடைத்த இந்தச் சான்று, பெட்டி கேஸ்காரனுக்கும் மறியல்காரனுக்கும் ஏன் மனுப் போடாமல் கிடைக்கக் கூடாது?

6

நண்பனுக்கு வருகிறேன். அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாவிட்டால் இவ்வளவும் வெறும் பேச்சு.

கேட்கும்போது பொய் எழுதாதே என்றேன். நேர்மை உயர்ந்தது என்பதற்காக அல்ல. நீ மறைக்கும்வரை அந்தத் தாள் அவர்களிடம் ஆயுதம். வேலைநிறுத்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில், சங்கத் தேர்தலில் நிற்கும் நாளில், அதைத் தூசி தட்டி எடுப்பார்கள். ஒளித்து வைத்த ரகசியம் உள்ள ஊழியன்தான் எல்லா அதிகாரிக்கும் பிடித்த ஊழியன். தீர்ப்பு நகல், ஃபைன் ரசீது இரண்டையும் வாங்கு. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுது, ஒரு நகலுக்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வை. கேட்காததைக் கொட்டாதே. கேட்டதற்கு மேல் அழுது வடிந்து ஒரு வாக்கியமும் வேண்டாம். பணி உறுதியானவன் நீ, விசாரணை இல்லாமல் அனுப்ப முடியாது. முதலில் சங்கத்து வக்கீலைப் பார். போகவும் கூடும், அதையும் வீட்டில் பேசிக்கொள்.

தனியார் கம்பெனியில் வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தப் பாதுகாப்புகூடக் கிடையாது. அங்கே நியமனக் கடிதத்தின் ஒரு ஷரத்து போதும். யாரும் விசாரிக்க மாட்டார்கள், நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்கள். அதனாலேயே இதைத் தனித்தனி மனச்சாட்சிகளின் பிரச்சினையாக விட்டுவிடக் கூடாது என்கிறேன். சங்கங்கள் பஞ்சப்படிக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சத்தைப் படிவத்துக்குக் கொடுக்கட்டும். 'எப்போதாவது' என்ற சொல்லை எடுக்கச் சொல்லட்டும். அபராதத்தோடு முடிந்த வழக்குக்குக் காலவரம்பு கேட்கட்டும். விடுதலையானவனிடம் கேட்கவே கூடாது என்று கேட்கட்டும். படிவம் தமிழில் வரட்டும்.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை கொடுக்க மாட்டோம் என்று கூடி நின்றார்கள். படிவத்தின் முன் நாம் ஒவ்வொருவராக உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் அதே கட்டத்தில் பேனா நின்றது என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

நண்பன் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆறு வரி. கடைசி வரியில், 'போர் நிறுத்தம் கோரி நடந்த மறியல்' என்று காரணத்தையும் எழுதியிருக்கிறான். கட்டத்தில் அதற்கு இடம் இல்லை, ஓரத்தில் எழுதினானாம். இதை எழுதும்வரை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை.